லாரி டிரைவருக்கு யார் பெண் கொடுப்பார்?

செந்தில் ராசா,

டிக்லிபூரில் மழை விட்டதா? இங்கே கராச்சர்மாவில் நேற்றிலிருந்து நல்ல வெயில். உனக்குப் போன் போட்டால் "கேக்கலம்மா, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். அப்பா கூப்பிட்டாலும் உனக்குச் சிக்னல் இருப்பதில்லை. லோடு விஷயமாக ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் மட்டும் வந்துவிடுகிறதாம். அதனால் பேனாவை எடுத்தேன். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை, பாதியில் வைத்துவிடவும் முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் கோயில் விழா மலருக்கு, நம் பிள்ளைகள் ஏன் லாரித் தொழிலுக்கு வர வேண்டும் என்று நீ எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாயாம். நீ ஊரில் இல்லாததால் கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். "நீங்கதானேம்மா ஜிர்காடாங் செக்போஸ்ட் கேட் கிட்ட அத்தனை வருஷம் டீக்கடை வச்சிருந்தீங்க. டிரைவருங்கள உங்கள விட யாருக்குத் தெரியும்? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். ஊருக்குச் சொல்ல வேண்டியதும் உனக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றாகவே இருந்தது. ஆகையால் உனக்கே எழுதிவிட்டேன், ஊரும் படிக்கட்டும். வீட்டுச் சங்கதியை அச்சில் போடலாமா என்று நித்யாவிடம் கேட்டேன். "எழுதும்மா. மைக்ல சொன்னதுக்கப்புறம் என்ன ரகசியம்?" என்றாள் உன் தங்கை. மைக் கதை உனக்குத் தெரியாது. வரும் இடத்தில் சொல்கிறேன்.

நித்யா தபனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள் என்று நான் உன்னிடம் சொன்ன அந்தச் சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன். நீ துறைமுகத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, தட்டின் முன் உட்கார்ந்திருந்தாய். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "தபன் நல்ல பையன்தாம்மா. என் வண்டிங்கள்ல எதை அவன் கையில குடுத்தாலும் நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றாய். அப்புறம் என்னடா என்று கேட்டேன். "டிரைவர்ம்மா" என்றாய். அவ்வளவுதான். வங்காளிப் பையன் என்று நீ வாய் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டாய். நம் தெருவிலேயே தெலுங்கு மருமகளும் மலையாள மருமகனும் ராஞ்சிக்காரச் சம்பந்தியும் இருக்கிறார்கள், தீபாவளிக்கு எல்லார் வீட்டுப் பலகாரமும் ஒரே தட்டில் வருகிறது. அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "பையன் வண்டிய டெய்லி கழுவுறானா?" கழுவுகிறான் என்றேன். "அப்ப சரி" என்று மறுபடி ரேடியோ பக்கம் திரும்பிவிட்டார். நீ மட்டும், "ஊருக்குச் சொல்றது வேறம்மா, நித்யாவுக்கு வேற. நீங்களே நடத்திக்குங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை காட்டு வழியின் முதல் கான்வாயில் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனவன், இன்னும் வரவில்லை.

ஊருக்கு நீ என்ன சொன்னாய் என்று நான் பார்த்திருக்கிறேன், ராசா. சொல்ல வேண்டிய கட்டாயமும் உனக்கு இருந்தது. மெயின்லேண்டிலிருந்து வரும் டிரைவர்கள் பொங்கல், கோயில் கொடை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கப்பலேறினால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கப்பலில் வந்த சிமெண்டும் வெங்காயமும் துறைமுகத்தில் கிடக்கும், உன் வண்டிகள் முற்றத்தில் நிற்கும், மாயாபந்தர் கடைக்காரர் போனில் அழுவார். இந்தத் தீவில் பிறந்த பிள்ளைகள் இந்தத் தீவின் சாலையில் ஓட்டினால்தான் தீரும் என்று நீ குடியிருப்பு குடியிருப்பாகப் போகத் தொடங்கினாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை.

உன் முதல் முகாம் நினைவிருக்கிறதா? நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பந்தல் போட்டு, மைக் கட்டி, "உள்ளூர் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு" என்று பெரிதாகத் துணியில் எழுதித் தொங்கவிட்டாய். மைதானம் நிறைந்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையில் பையன்கள், கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மார்க் ஷீட், தீவுக்காரர் என்பதற்கான ஐலண்டர் கார்டு, பிறந்த சான்றிதழ். அம்மாக்கள் வீட்டுச் சாமிக்குத் தேங்காய் உடைத்து, விபூதி பூசி அழைத்து வந்திருந்தார்கள். நம் தீவில் வேலை என்றால் அரசாங்க வேலை, வேறு அர்த்தம் கிடையாது. அது தெரியாதவன் போல நீ பந்தல் போட்டுவிட்டாய். நீ மைக்கில் லாரி என்று சொன்னதும் நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முன் வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, "ஏம்ப்பா, இவ்வளவு பந்தல், இவ்வளவு மைக்கு, கடைசில லாரியா?" என்று கேட்டுவிட்டு, வந்ததற்கு ஒரு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். அன்று நீ வீட்டில், "இந்த ஜனங்களுக்குப் புரியாதும்மா" என்று கோபப்பட்டாய்.

புரியாத ஜனங்கள் இல்லை அவர்கள். என் அப்பாவும் அம்மாவும் சிலோன் மலையில் தேயிலை பறித்தவர்கள். அங்கே பிறந்து, அங்கே உழைத்து, ஒருநாள் நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று கப்பல் ஏற்றப்பட்டவர்கள். கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டக் கொண்டுவந்து விட்டபோது, தோட்டத்துக் கிளார்க் ஒரு நாள், "உங்க வேல பர்மனென்ட்" என்று சொன்னாராம். அன்றைக்கு என் அம்மா பாயசம் வைத்தாள். இடம் மாற்றி இடம் மாற்றி நடப்பட்ட குடும்பங்களுக்கு நிரந்தரம் என்கிற சொல் இனிப்புதான். நித்யாவுக்கு நானும் முதலில் அரசாங்க மாப்பிள்ளைதான் தேடினேன். அதனால் லாரிக்குப் பிள்ளை கேட்டுப் போகும்போது அவர்களுடைய ஆசையைக் கேலி செய்யாதே. அந்த ஆசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசு.

அடுத்த முகாமுக்கு நீ பந்தல் போடவில்லை. ரங்கத் பக்கம் வங்காளிக் குடியிருப்புக்கு என்னையும் கூட்டிப் போனாய், பெண்கள் கேட்பதற்கு நான் பதில் சொல்வேன் என்று. ஒரு பாக்குத் தோட்டத்து முற்றத்தில், பாக்கு மட்டை மேல் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பேசினாய். தபனின் அப்பாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். மெலிந்த மனிதர், பனியனோடு உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். வண்டி யாருடையது, ராத்திரி எங்கே தங்குவான், அடிபட்டால் யார் பார்ப்பது என்று நியாயமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் நீ சரியாகப் பதில் சொன்னாய். கடைசியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் இந்தியில் கேட்டார்: "லட்கி கௌன் தேகா?" என் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்? சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அவர் முழங்காலைத் தொட்டு, அவர்கள் பாஷையில் அண்ணன் என்று கூப்பிட்டு, "தாதா, அது என் பொறுப்பு. இவன் இனிமே எங்க வீட்டுப் பையன். இவனுக்கு மரியாதை வாங்கிக் குடுக்க வேண்டியது நான்" என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை கூட நான் சேர்த்து எழுதவில்லை. அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் பிள்ளையை அனுப்பினார். நீ சேர்த்த முதல் லோக்கல் பையன் அவன்.

லாரிக்காரனுக்கு மரியாதை இல்லாத ஊரா இது? நம் டீக்கடையை நினைத்துப் பார். காட்டு வழி திறந்து கான்வாயாகச் சேர்ந்து போவதற்காக வண்டிகள் கேட்டில் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து யாராவது மூச்சு வாங்க ஓடி வருவார்கள். கதம்தலாவில் இருக்கும் அக்காவுக்கு மருந்து, பில்லிகிரவுண்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி, தைத்த ரவிக்கை, பள்ளிக்கூடத்து மணி. எதையும் தபாலில் போடமாட்டார்கள், டிரைவர் கையில்தான் கொடுப்பார்கள். அவன் பெயர் கூடத் தெரிந்திருக்காது, வண்டியின் நிறம்தான் தெரியும். "நீல வண்டிக்காரர்ட்ட குடுத்துட்டேன், வந்துரும்" என்பார்கள், வந்துவிடும். ஒருமுறை மாயாபந்தரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக் கல்யாணத்துக்கு, போர்ட் பிளேர் ஆசாரி செய்த தாலியே அப்படித்தான் போனது. மஞ்சள் துணியில் முடிந்து, டிரைவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, அன்றைக்கு நம் கடையில் மீன் குழம்பு வேண்டாம் என்று சொல்லி வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். தாலி வண்டியில் இருக்கிறதாம், அதற்கு மரியாதையாம். இருபது வயதுப் பையன். அவர் கல்யாணம் ஆகாமலே நாற்பதைத் தாண்டினார் என்பதும் எனக்குத் தெரியும். தாலியை நம்பிக் கொடுத்த ஊர் பெண்ணைக் கொடுக்கவில்லை.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்பது தெரியாமல் இதையெல்லாம் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் மாதிரி நீ இல்லை. உனக்குக் கௌரவக் குறைச்சல் என்று ஒன்றும் இல்லை, நீயே அந்த ஸ்டியரிங்கைப் பிடித்து வளர்ந்தவன். மழையில் மண் சரிந்த வளைவு எது, பிரேக் சூடாகும் இறக்கம் எது என்று உன் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் "நித்யாவுக்கு வேற" என்றாய். அது பாசம். ஆனால் அந்தப் பயத்தை நீ ரங்கத்து முற்றத்தில் சொன்னாயா? தபனின் அம்மாவும் ஒரு பெண்தானே, அவளுக்கும் தூக்கம் வராத ராத்திரி வரும்தானே? நீ கூட்டத்தில் பேசும்போது நல்ல சம்பாத்தியம், நல்ல தொழில், நம் தீவு, நம் சாலை என்று எல்லாம் சொல்கிறாய். பயம் என்று ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறாய். அதையும் அங்கேயே சொல்லு. வண்டியில் என்ன ஆபத்து, அதற்கு நீ என்ன செய்திருக்கிறாய், என்ன செய்ய முடியாது என்று சொல்லு. ஜனங்கள் எழுந்து போகமாட்டார்கள். மறைக்கிறவனிடமிருந்துதான் எழுந்து போவார்கள்.

நித்யாவுக்கு அந்தப் பயம் தெரியாது என்று நினைக்கிறாயா? உன் ஆபீஸில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே என்று கேட்பவள் அவள்தான். கேட் தாண்டினால் பழங்குடி மக்களின் காடு. வண்டியை நிறுத்தக் கூடாது, போனும் எடுக்காது. மிடில் ஸ்ட்ரெயிட் துறைக்கு வந்து, அக்கரை போகும் படகுக்கு நிற்கும்போதுதான் மறுபடி பேச முடியும். அந்த நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று நீ பார்த்ததில்லை, நான் மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். தபன் வண்டி மட்டும் என்று இல்லை, எந்த வண்டி உள்ளே இருந்தாலும் அவள் டப்பாவைத் திறக்கமாட்டாள். "ஆறுதும்மா, பரவால்ல" என்பாள். போன் அடிக்கும். "படகுக்கு வந்துட்டேன்" என்று ஒரு குரல் சொல்லும். "சரி, சாப்டுங்க" என்று சொல்லிவிட்டு அவளும் சாப்பிடுவாள். அவளுக்கு என்ன வாழ்க்கை என்று தெரியாமல் அவள் கேட்கவில்லை. நம் இரண்டு பேரை விடவும் தெரிந்துதான் கேட்கிறாள்.

இப்போது மைக் கதை. நீ ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால், நீ இல்லாவிட்டாலும் கோயில் மண்டபத்தில் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது. உன் பழைய டிரைவர்கள் இரண்டு பேர் பேசினார்கள், எனக்கும் ஏதோ பேச வந்தது. டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, லம்பா லைனில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா எழுந்து நின்றாள். அவள் பிள்ளை பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். அவனுக்கு வண்டி மேல் உயிர், அவளுக்கு மனமில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். "எல்லாம் சரிக்கா. ஓட்டுறான், சம்பாதிக்கிறான். நாளைக்கு எம்மவனுக்கு எவ பொண்ணு குடுப்பா? நீங்க குடுப்பீங்களா?" மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பு. நீ ஒப்புக்கொள்ளாத ஒன்றை நான் எப்படிச் சபையில் சொல்வது? அந்தச் சமயம் டீத் தட்டோடு நின்ற நித்யா, தட்டை ஒரு நாற்காலி மேல் வைத்துவிட்டு, மைக்கை எடுத்தாள்.

"எனக்குப் பேசியிருக்கிறது லாரி ஓட்டுறவர்தான்க்கா. எங்க அண்ணன் வண்டி."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா லேசில் விடுகிறவள் இல்லை. "உங்க அண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அவரு டிக்லிபூர்ல இருக்காரு. வந்து சொல்லுவாரு."

"சரி கண்ணு. அவரு வந்து சொல்லட்டும். சொன்னாருன்னா அன்னைக்கே எம்மவன் பேரக் குடுக்கிறேன்." அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் யாரும் பேர் கொடுக்கவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு, எப்போது வருவான் செந்தில் என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்கள். தெருவில் போனால் இன்றும் கேட்கிறார்கள். நீ எத்தனை குடியிருப்புக்குப் போய் என்ன பேசினாலும் இனி எல்லாரும் உன் பதில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். இதை உன்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. இது தெரியாமல் நீ வந்து இறங்கினால் தடுமாறுவாய் என்று சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் தபனும் வீட்டுக்கு வந்திருந்தான். லோடு இறக்கிவிட்டு, குளித்து, தலை வாரி, வாசலில் செருப்பை ஓரமாக ஒழுங்கு செய்துவிட்டு வந்தான். அவனுடைய தமிழ் உனக்குத் தெரியுமே, எல்லாம் துறைமுகத்து லோடுமேன்களிடம் கற்றது. "யோவ் அங்கிள், சுகமா?" என்று பணிவாகக் கும்பிட்டான். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, பாதி இந்தியும் பாதி தமிழுமாக, "ஆன்ட்டி, செந்தில் பாய் வேணாம்னு சொன்னா நான் பொண்ணு கேக்க மாட்டேன். வேலையும் விடமாட்டேன். பாய் மூஞ்சியப் பாத்து ஓகேன்னு சொன்னாத்தான் ரங்கத்லேருந்து எங்க பாபாவ கூட்டிட்டு வருவேன்" என்றான். நித்யா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இவரு பெரிய தியாகி" என்று முணுமுணுத்தாள். அவன் காது சிவந்துவிட்டது. ஓடிப் போய் ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியும் கொடுத்தார்களாம். "எங்க அண்ணன் இல்லாம எதுக்கு?" என்று கேட்டாளாம். ஆக, ராசா, இரண்டு பேரும் உனக்காகத்தான் நிற்கிறார்கள். உன்னை எதிர்த்து நிற்கவில்லை.

நீ இன்னும் வேண்டாம் என்றே நினைத்தால் அதையும் வந்து முகத்தைப் பார்த்துச் சொல். நித்யாவிடம் சொல், தபனிடம் சொல், ரங்கத்துக்குப் போய் அந்தப் பாக்குத் தோட்டத்து மனிதரிடமும் சொல். அப்போதும் நீ என் பிள்ளைதான், உனக்குப் பிடித்த சுறாப் புட்டு செய்து வைப்பேன். டிக்லிபூரில் சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருப்பது மட்டும் வேண்டாம்.

சரி என்று நினைத்தால் ஆவணியில் நாள் பார்க்கலாம். அப்பா இப்போதே எல்லாவற்றையும் திட்டம் போட்டுவிட்டார். தபன் வீட்டார் லம்பா லைனில் தங்கட்டும், அங்கிருந்து கராச்சர்மா கோயில் வரை மாப்பிள்ளை அழைப்பு, அதற்கு ஒரு கார் சொல்லிவிடலாம் என்றார். நித்யா கேட்கவில்லை. மாப்பிள்ளை லாரியில்தான் வர வேண்டும் என்கிறாள். அன்றைக்கு அவன் ஓட்டக் கூடாது, கழுத்தில் மாலை இருக்கும். மாப்பிள்ளையை அழைத்து வருவது நம் வழக்கத்தில் பெண்ணின் அண்ணன் வேலை. நீதான் ஓட்ட வேண்டும். வழியெல்லாம் வாசலில் நின்று பார்ப்பார்கள், அந்த இட்லிக் கடை அம்மாவும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். நீ மைக் பிடிக்க வேண்டாம், ஒரு வார்த்தை பேச வேண்டாம். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு வா. உன் பக்கத்தில் உட்கார்ந்து வருவது யார் என்று ஊர் நன்றாகப் பார்க்கட்டும்.

அம்மா